ஸ்பிரிங் பூட்ல லாக் மக்கர் பண்ணுதா? அறிகுறிய வெச்சு பிடிக்கிற வழி

"அண்ணா, லாக் வரல." வாரத்துக்கு ரெண்டு தடவையாவது டீம்ல யாராவது ஒருத்தர் இத அனுப்பிடுறாங்க, என்ன வரல எங்க வரலன்னு நான் திருப்பி கேக்கணும், அவங்க ஸ்கிரீன்ஷாட் அனுப்பணும், அதுக்குள்ள மதிய சாப்பாடு நேரம் வந்துடும். அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னு. இது முழுக்க ஸ்பிரிங் பூட்டும் (ஜாவா அப்ளிகேஷன் எழுதற ஃபிரேம்வொர்க்), அதோடவே வர்ற லாக்பேக்கும் (அப்ளிகேஷன் ஓடும்போது நடக்கறத லாக்கா எழுதற லைப்ரரி) பத்தினது. பேரெல்லாம் தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன், ஃபைல்ல அடிக்கும்போது இங்கிலீஷ்ல அடிச்சுக்கங்க. உங்க அறிகுறி எதுவோ நேரா அந்தத் தலைப்புக்குப் போங்க, எல்லாத்தையும் வரிசையா படிக்கணும்னு இல்ல.

எந்தத் தலைப்புக்குப் போனாலும் ஒண்ணு: லைப்ரரிய மாத்தலாமான்னு மட்டும் முதல்ல யோசிக்காதீங்க. இத்தனை வருஷத்துல லாக்பேக்ல பக்னு நான் பாத்தது ஒண்ணுகூட இல்ல, எல்லாமே நாம எழுதின கான்ஃபிக் இல்லன்னா நம்ம பக்கத்து டீம் எழுதின கான்ஃபிக்.

கன்சோல்ல வருது, ஃபைல்ல ஒண்ணுமே இல்ல

முதல்ல பாக்க வேண்டியது, ஃபைல்ல எழுதச் சொல்லியிருக்கீங்களா? சிரிக்காதீங்க, பாதி கேஸ் இதான். ஸ்பிரிங் பூட்டை சும்மா விட்டா கன்சோல்ல மட்டும்தான் எழுதும், ஃபைல் வேணும்னா அப்ளிகேஷன் ப்ராப்பர்ட்டீஸ்ல லாக்கிங்.ஃபைல்.நேம் குடுக்கணும். பழைய ப்ராஜெக்டை அப்கிரேட் பண்ணினவங்க லாக்கிங்.ஃபைல்னு மொட்டையா வெச்சிருப்பாங்க, அது 2.2லயே நேம்னு மாறிடுச்சு, புது வெர்ஷன்ல அந்த பழைய லைன கண்டுக்கவே கண்டுக்காது, எர்ரரும் காட்டாது. இன்னொண்ணு, லாக்கிங்.ஃபைல்.பாத், லாக்கிங்.ஃபைல்.நேம் ரெண்டையும் சேத்துக் குடுத்தா பாத் செல்லாது, நேம் மட்டும்தான் எடுக்கும். பாத் மட்டும் குடுத்தா அந்த ஃபோல்டர்ல ஸ்பிரிங்.லாக்னு ஒரு ஃபைல் இருக்கும், நீங்க வேற பேர்ல தேடிட்டு இருப்பீங்க.

குடுத்திருக்கு, ஆனாலும் ஃபைல காணோம்னா அது வேற எங்கயோ எழுதிட்டு இருக்கு. "லாக்ஸ்/ஆப்.லாக்"னு முன்னாடி ஸ்லாஷ் இல்லாம குடுத்தா ப்ராசஸ் எந்த ஃபோல்டர்லேர்ந்து ஓடுதோ அங்க போய் எழுதும். உங்க லேப்டாப்ல அது ப்ராஜெக்ட் ஃபோல்டர், சர்வர்ல சிஸ்டம்டி மூலமா ஸ்டார்ட் பண்ணா, வொர்க்கிங்டைரக்டரி குடுக்கலன்னா, அது ரூட் ஃபோல்டர். ப்ராசஸ் ஐடிய எடுத்து எல்எஸ்ஓஎஃப் அடிச்சுப் பாருங்க, எந்த ஃபைல திறந்து வெச்சிருக்குன்னு அதுவே சொல்லிடும். அப்பறம் முழு பாத்தா மாத்திடுங்க, திரும்ப இந்தப் பிரச்சன வராது.

அப்ளிகேஷனே எழும்பாம "லாக்பேக் கான்ஃபிகரேஷன் எர்ரர் டிடெக்டட்"னு விழுந்து, கீழ பர்மிஷன் டினைட்னு இருந்தா, யாரோ ஒரு தடவ சூடோ போட்டு, அதாவது ரூட்ங்கற அட்மின் யூசரா, கையால ஓட்டியிருக்காங்க. லாக் ஃபைல் ரூட் பேர்ல உருவாயிடுச்சு, இப்ப சர்வீஸ் யூசரால அதுல எழுத முடியல. ஓனர மாத்துங்க, போதும். யாரு ஓட்டினதுன்னு குரூப்ல கேக்காதீங்க, யாரும் ஒத்துக்க மாட்டாங்க. ஓனரும் சரியா இருக்கு, ஃபோல்டர் பர்மிஷனும் சரியா இருக்கு, ஆனாலும் டினைட்னா எஸ்ஈலினக்ஸா (லினக்ஸோட கூடுதல் பாதுகாப்பு) இருக்கலாம், அத ஆஃப் பண்ணி "சரி பண்ணிட்டேன்"னு சொல்லாம சர்வர் பாத்துக்கறவங்கள கூப்பிடுங்க.

எக்ஸ்எம்எல்ல என்ன மாத்தினாலும் அசைய மாட்டேங்குது

லாக்பேக்கோட எக்ஸ்எம்எல் கான்ஃபிக் ஃபைல்ல பேட்டர்ன (லைன் எந்த வடிவத்துல வரணும்ங்கறது) மாத்துறீங்க, லெவல (டீபக், இன்ஃபோ, எர்ரர் மாதிரி எவ்ளோ விவரம் வரணும்ங்கறது) மாத்துறீங்க, ரீஸ்டார்ட் பண்றீங்க, பழைய மாதிரியேதான் வருது. அப்ப நீங்க மாத்துற ஃபைல அது படிக்கவே இல்ல. இதுக்கு நான் ஒரு தடவ முழுசா ரெண்டு நாள் குடுத்திருக்கேன், அதனால இத கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

பேர்தான் முதல் சோதனை. ஸ்பிரிங் ப்ரொஃபைல், ஸ்பிரிங் ப்ராப்பர்ட்டி டேக்லாம் உள்ள யூஸ் பண்ணினா ஃபைல் பேரு லாக்பேக்-ஸ்பிரிங்.எக்ஸ்எம்எல்னு இருக்கணும். வெறும் லாக்பேக்.எக்ஸ்எம்எல்னு இருந்தா ஸ்பிரிங் எழுந்துக்கறதுக்கு முன்னாடியே லாக்பேக் அத படிச்சுடும், அதுக்கு அந்த டேக் என்னன்னே தெரியாது. ரெண்டு ஃபைலும் இருந்தா வெறும் லாக்பேக்.எக்ஸ்எம்எல்தான் ஜெயிக்கும், ஸ்பிரிங்னு போட்டது சும்மா உக்காந்திருக்கும். அதே மாதிரி லாக்பேக்-டெஸ்ட்.எக்ஸ்எம்எல் கிளாஸ்பாத்ல (ஜாவா கிளாஸையும் ஃபைலையும் தேடற இடங்கள்) இருந்தா எல்லாத்துக்கும் முன்னாடி அதத்தான் எடுக்கும், டெஸ்ட் ஃபோல்டர்ல வைக்க வேண்டியத யாரோ மெயின் ரிசோர்சஸ்ல வெச்சிருந்தா அவ்ளோதான்.

இப்ப என் ரெண்டு நாள் கதை. நம்ம ப்ராஜெக்ட்ல லாக்பேக்-ஸ்பிரிங் ஒண்ணே ஒண்ணுதான், பேரும் சரி, இடமும் சரி, ஆனா ஒண்ணும் நடக்கல. கடைசில பாத்தா இன்னொரு டீம் குடுத்த காமன் லைப்ரரி ஜார் உள்ள ஒரு லாக்பேக்.எக்ஸ்எம்எல்ல அப்படியே வெச்சு பேக் பண்ணி அனுப்பியிருக்காங்க, கிளாஸ்பாத்ல எங்க இருந்தாலும் அந்தப் பேருக்குத்தான் முதல் மரியாதைங்கறதால அவங்க கான்ஃபிக்தான் எங்க அப்ளிகேஷன்ல ஓடிட்டு இருந்துச்சு. லைப்ரரி எழுதுறவங்க யாராவது இத படிச்சா தயவுசெஞ்சு ஜார்ல லாக் கான்ஃபிக் வைக்காதீங்க, அது அப்ளிகேஷன் வெச்சிருக்கறவங்க வேலை.

கண்டுபிடிக்க சுலபமான வழி: கான்ஃபிகரேஷன் டேக் உள்ள முதல் லைன்ல ஸ்டேட்டஸ் லிஸனர் டேக் ஒண்ணு சேத்து அதுக்கு ஆன்கன்சோல்ஸ்டேட்டஸ்லிஸனர் கிளாஸ குடுங்க. ஸ்டார்ட் ஆகும்போது லாக்பேக் எந்த அப்பெண்டர (லாக்க கன்சோல்லயோ ஃபைல்லயோ கொண்டு போய் எழுதற பகுதி) உருவாக்குது, எந்த ஃபைல திறக்குதுன்னு ஒவ்வொண்ணா சொல்லும். ஒரு லைன்கூட வரலன்னா அதுவே பதில், உங்க ஃபைல் படிக்கப்படல. அப்ப ஜார் ஃபைல பிரிச்சு உள்ள இருக்கற ஒவ்வொரு ஜார்லயும் லாக்பேக்னு தேடுங்க. உடனடி மருந்துக்கு லாக்கிங்.கான்ஃபிக் ப்ராப்பர்ட்டில உங்க ஃபைலோட பேர நேரடியா குடுத்துடுங்க, குடுத்துட்டா தேடாம அதத்தான் எடுக்கும். சர்வர்ல எவராவது ஸ்டார்ட் ஸ்கிரிப்ட்ல ஏற்கனவே லாக்கிங்.கான்ஃபிக் குடுத்து வெளி ஃபைல காட்டியிருந்தா கதை தலைகீழ், ஜார் உள்ள நீங்க எத மாத்தினாலும் வேலைக்காகாது, அதனால அந்த ஸ்கிரிப்டையும் ஒரு கண்ணு பாத்துடுங்க.

இன்ஃபோ வருது, டீபக் வர மாட்டேங்குது

டீபக்=ட்ரூன்னு போட்டுட்டு காத்திருக்கீங்களா? அது ஸ்பிரிங்கோட சொந்த சமாச்சாரம் சிலத மட்டும்தான் பேச வைக்கும், உங்க கோடுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. லாக்கிங்.லெவல்னு ஆரம்பிச்சு உங்க பேக்கேஜ் பேர முழுசா எழுதி டீபக்னு குடுங்க. பேக்கேஜ் பேர்ல ஒரு எழுத்து தப்பினாலும் திட்டாது, சும்மா இருந்துடும்.

என்விரான்மென்ட் வேரியபிள்ல குடுக்கறவங்க கவனிங்க: எல்லாத்தையும் சின்ன எழுத்தா மாத்தித்தான் படிக்கும், அதனால பேக்கேஜ் லெவலுக்கு வேலை செய்யும், ஒரு தனி கிளாஸுக்கு வேலை செய்யாது, கிளாஸ் பேர்ல பெரிய எழுத்து இருக்கே. குபர்நெட்டிஸ்ல இதுல மாட்டிக்கிட்டு முழிச்சவங்க நிறைய. ஸ்பிரிங் அப்ளிகேஷன் ஜேசன் வேரியபிள்ல குடுத்தா சரியாகும்.

லெவல் சரியா இருக்கான்னு உறுதியா தெரியணும்னா ஆக்சுவேட்டரோட (ஓடற அப்ளிகேஷன உள்ள எட்டிப் பாக்க ஸ்பிரிங் பூட் குடுக்கறது) லாக்கர்ஸ் எண்ட்பாயிண்ட திறந்து எஃபெக்டிவ் லெவல் என்னன்னு பாருங்க. அங்கயே போஸ்ட் பண்ணி ஓடும்போதே மாத்தவும் முடியும், ரீஸ்டார்ட் பண்ணா போயிடும். ஆனா அந்த எண்ட்பாயிண்ட ஊருக்கே திறந்து வைக்காதீங்க. அங்க டீபக்னு காட்டுது, ஃபைல்ல இல்லன்னா அப்பெண்டர் உள்ள த்ரெஷோல்டு ஃபில்டர் உக்காந்திருக்கும், லாக்கர் விட்டாலும் வாசல்ல அது நிறுத்திடும்.

எஸ்க்யூஎல் மட்டும் ஃபைல்ல வரலன்னா அது தனி: ஷோ-எஸ்க்யூஎல் ட்ரூ போட்டா ஹைபர்நேட் (டேட்டாபேஸோட பேசற லைப்ரரி) லாக்கர் வழியா போகாம நேரா கன்சோல்ல கொட்டும். அத எடுத்துட்டு ஆர்க்.ஹைபர்நேட்.எஸ்க்யூஎல் லாக்கருக்கு டீபக் குடுங்க.

சில லைன் வருது, சிலது காணாம போகுது

சும்மா இருக்கும்போது எல்லாம் வரும், டிராஃபிக் ஏறும்போது மட்டும் இன்ஃபோ லைன் காணாம போகும், வார்னும் எர்ரரும் மட்டும் ஒழுங்கா இருக்கும். இப்படி இருந்தா கண்ண மூடிட்டு சொல்லலாம், அசிங்க் அப்பெண்டர், அதாவது லாக்க க்யூல போட்டு தனி த்ரெட்ல எழுதறது. அதோட க்யூல சும்மாவே 256 இடம்தான், அதுல 20 சதவீதத்துக்கும் கீழ காலி இருந்தா இன்ஃபோவும் அதுக்குக் கீழ உள்ளதும் சத்தமில்லாம குப்பைக்குப் போகும். அது பக் இல்ல, அப்படித்தான் செஞ்சிருக்காங்க. டிஸ்கார்டிங் த்ரெஷோல்ட 0ன்னு வெச்சா எதையும் தூக்கிப் போடாது, ஆனா க்யூ நிறைஞ்சா ரிக்வெஸ்ட் த்ரெட் நின்னு காத்திருக்கும், அதனால க்யூ சைஸயும் கூட்டுங்க. நெவர்பிளாக் ட்ரூன்னு வெச்சா காத்திருக்காது, லாக்க விட்டுடும். பணம் சம்பந்தப்பட்ட லாக்க நான் அசிங்க்ல விடவே மாட்டேன், கொஞ்சம் மெதுவா போனா போகட்டும்.

கடைசி சில லைன் மட்டும் இல்லன்னா கில் -9 அடிச்சு ப்ராசஸ வலுக்கட்டாயமா நிறுத்தியிருப்பாங்க, க்யூல இருந்தது அப்படியே போச்சு. லைன் நம்பர் வர வேண்டிய இடத்துல கேள்விக்குறி வந்தாலும் இதே அசிங்க்தான் காரணம், இன்க்ளூட் காலர் டேட்டா ட்ரூன்னு வெச்சா வரும், ஆனா அதுக்கு செலவு இருக்கு, வேகம் குறையும்.

ஒவ்வொரு லைனும் ரெண்டு தடவ

ஃபைல்ல ரெண்டு தடவயா இல்ல கிபானா மாதிரி பாக்குற ஸ்கிரீன்ல ரெண்டு தடவயா? ஃபைல்ல ஒரு தடவதான்னா லாக்பேக் மேல பழி போடாதீங்க, லாக்க சேத்து அனுப்பற கலெக்டர் கன்சோலையும் ஃபைலையும் சேத்து அள்ளிட்டுப் போகுது. ஃபைல்லயே ரெண்டுன்னா உங்க பேக்கேஜ் லாக்கருக்கும் அதே அப்பெண்டர் ரெஃப், ரூட் லாக்கருக்கும் (எல்லா லாக்கருக்கும் மேல இருக்கறது) அதே அப்பெண்டர் ரெஃப். பேக்கேஜ் லாக்கர்ல அடிடிவிட்டி ஃபால்ஸ்னு போடுங்க, இல்லன்னா அங்க இருக்கற ரெஃப எடுத்துடுங்க. நான் எடுத்துடுவேன்.

ஸ்டார்ட் ஆகும்போதே எஸ்எல்எஃப்4ஜே திட்டுது

எஸ்எல்எஃப்4ஜேங்கறது நம்ம கோடுக்கும் லாக் லைப்ரரிக்கும் நடுவுல இருக்கற பொது வாசல். "மல்டிபிள் பைண்டிங்ஸ்"னு வந்தா ரெண்டு லாக் லைப்ரரி உள்ள புகுந்திருக்கு, எது ஜெயிக்கும்னு சொல்ல முடியாது. "ப்ரொவைடர்ஸ் எதுவும் இல்ல"ங்கற மாதிரி வந்து லாக்கே மொத்தமா நின்னுட்டா வெர்ஷன் பொருந்தல: எஸ்எல்எஃப்4ஜே 2.0 தேடுற முறையே வேற, லாக்பேக் 1.2 அது கண்ணுக்கு தெரியாது, 1.3ஓ அதுக்கு மேலயோ வேணும். மேவனோட பாம் ஃபைல்ல (லைப்ரரி பட்டியல் இருக்கற ஃபைல்) கையால வெர்ஷன் எழுதி வெச்சிருந்தா அத அழிச்சுட்டு ஸ்பிரிங் பூட் குடுக்கற வெர்ஷனையே விடுங்க, பத்துல எட்டு தடவ இதோட முடிஞ்சுடும். முடியலன்னா மேவன் டிபெண்டென்சி ட்ரீ எடுத்து எந்த லைப்ரரி கூட்டிட்டு வருதோ அங்க எக்ஸ்குளூஷன் போடுங்க. லாக்பேக்குக்கு பதிலா லாக்ஃபோர்ஜே 2ங்கற இன்னொரு லாக் லைப்ரரிக்கு மாறுறவங்க ஸ்பிரிங் பூட் ஸ்டார்ட்டர் லாக்கிங்க வெளிய எடுக்க மறந்துடுவாங்க, அப்ப ஒண்ணுக்கொண்ணு பந்தாடும்னு அதுவே எர்ரர் போட்டு நின்னுடும்.

ட்ரீயப் பாக்கும்போது லாக்ஃபோர்ஜே கோர் 2.17.1க்குக் கீழ எதாவது கண்ணுல பட்டா எக்ஸ்குளூஷன் போட்டுட்டு அமைதியா போயிடாதீங்க. 2021 டிசம்பர்ல ஊரே தூங்காம கிடந்த லாக்ஃபோர்ஷெல்ங்கற பாதுகாப்பு ஓட்டையும், அதுக்கு அடுத்தடுத்து வந்த ஓட்டைகளும் அந்த பழைய வெர்ஷன்கள்லதான். செக்யூரிட்டி டீமுக்கு சொல்லிடுங்க, இத்தனை நாள் அது வெளிய தெரிஞ்சுட்டு ஓடிச்சான்னு அவங்கதான் பாக்கணும். லாக்பேக்க மட்டும் வெச்சிருந்தவங்க அப்ப தப்பிச்சாங்க.

எர்ரர் லைன் வருது, ஸ்டாக் ட்ரேஸ் இல்ல

கோட பாருங்க, கெட்மெசேஜ் மட்டும் அனுப்பியிருப்பீங்க. எக்ஸெப்ஷன அப்படியே கடைசி ஆர்க்யுமெண்டா குடுக்கணும், அதுக்குன்னு தனியா சுருள் அடைப்பு போட வேண்டாம்.

கோட் சரியா இருக்கு, காலைல ட்ரேஸ் வந்துச்சு, சாயங்காலம் வெறும் நல் பாயிண்டர் எக்ஸெப்ஷன்னு ஒரு லைன் மட்டும் வருதுன்னா அது லாக் லைப்ரரி வேலையே இல்ல, ஜாவா கோட ஓட்டற ஜேவிஎம் வேலை. ஒரே இடத்துல ஒரே எக்ஸெப்ஷன் திரும்பத் திரும்ப வந்தா ஹாட்ஸ்பாட் (பெரும்பாலும் நாம ஓட்டற ஜேவிஎம்) ஒரு கட்டத்துல ட்ரேஸ வெட்டிட்டு வெறும் பேர மட்டும் எறியும். முதல் நாள் லாக்ல போய் தேடினா முழு ட்ரேஸ் கிடைக்கும். பழைய லாக் இல்லன்னா ஆமிட் ஸ்டாக் ட்ரேஸ் இன் ஃபாஸ்ட் த்ரோங்கற ஆப்ஷனுக்கு முன்னாடி மைனஸ் போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. இது தெரியாம ஒரு ராத்திரி முழுக்க பேட்டர்ன் லைன மாத்தி மாத்தி பாத்தவங்கள எனக்கு தெரியும், அதுல நானும் ஒருத்தன்.

டிஸ்க் ஃபுல்

ராத்திரி ரெண்டு மணி போன். முதல் விதி: ஓடிட்டு இருக்கற லாக் ஃபைல ஆர்எம் போட்டு அழிக்காதீங்க. பேரு போயிடும், இடம் திரும்பி வராது, ப்ராசஸ் இன்னும் அந்த ஃபைல பிடிச்சுட்டு இருக்கு. டிஎஃப் (டிஸ்க் எவ்ளோ நிறைஞ்சிருக்குன்னு காட்டற கமாண்ட்) 100 சதவீதம்னு சொல்லுது, டியூல (ஃபைல் அளவ காட்டற கமாண்ட்) கூட்டிப் பாத்தா பாதிகூட வரலன்னா யாரோ ஏற்கனவே அழிச்சாச்சு, எல்எஸ்ஓஎஃப்ல டெலிட்டட்னு போட்டிருக்கும், அந்த ப்ராசஸ ரீஸ்டார்ட் பண்ணாதான் இடம் கிடைக்கும். அழிக்காம ட்ரங்கேட் பண்ணி 0 ஆக்குங்க, லாக்பேக் அப்பெண்ட் மோட்லதான் திறந்திருக்கும், ஒண்ணும் ஆகாது.

மூச்சு விட்டாச்சுன்னா, தின்னது யாருன்னு பாக்கணும். பெரும்பாலும் ஆப்.லாக் இல்ல, நோஹப் கமாண்ட் கன்சோல்ல வர்றத கொட்டற நோஹப்.அவுட். ஃபைலுக்கு ரோலிங்லாம் (பழைய ஃபைல ஒதுக்கிட்டு புதுசுக்கு உருட்டறது) அழகா வெச்சிருப்பீங்க, கன்சோல் அப்பெண்டர எடுக்காம நோஹப்ல ஓட்டியிருப்பீங்க, அதே லாக் அங்க கட்டுப்பாடில்லாம வளந்துட்டு இருக்கும். டாக்கர்னா ஜேசன் ஃபைல் டிரைவர்: சும்மா விட்டா அளவே கிடையாது, மேக்ஸ் சைஸ் குடுக்கணும், குடுத்தாலும் புதுசா உருவாக்குற கன்டெய்னருக்குத்தான் செல்லும், பழசு பழசாவேதான் இருக்கும்.

அடுத்து ரோலிங் பாலிசி. மேக்ஸ் ஹிஸ்டரி 30ன்னா 30 நாள்னு நினைச்சுக்குவோம், ஆனா ஃபைல் பேர் பேட்டர்ன்ல மணி நேரம் வரைக்கும் இருந்தா அது 30 மணி நேரம், மாசம் மட்டும் இருந்தா 30 மாசம். டோட்டல் சைஸ் கேப் தனியா குடுத்தா போதாது, மேக்ஸ் ஹிஸ்டரியும் இருக்கணும். சைஸ், நேரம் ரெண்டும் வெச்சு உருட்டறதுன்னா பேர்ல சதவீதக் குறியோட இங்கிலீஷ் ஐ எழுத்து (வரிசை எண்ணுக்கு) கண்டிப்பா வேணும். தினம் சாயங்காலம் நிறுத்தி காலைல ஏத்தற அப்ளிகேஷன்னா பழச அழிக்கிற நேரமே அதுக்கு வராம போகலாம், கிளீன் ஹிஸ்டரி ஆன் ஸ்டார்ட் போட்டுக்கங்க. லாக்பேக்கும் உருட்டுது, லினக்ஸ் லாக்ரொட்டேட்டும் உருட்டுதுன்னா யாராவது ஒருத்தர நிறுத்துங்க, ஒரு வேலைக்கு ரெண்டு பேர் வேண்டாம்.

ஒரே ஃபைல்ல ரெண்டு ஜேவிஎம் எழுதறது இன்னொரு வம்பு, ஒண்ணு உருட்டினதும் இன்னொண்ணு பழைய ஃபைல்லயே எழுதிட்டு இருக்கும். ரெண்டு பேரும் ஒரே ஃபைல்ல பத்திரமா எழுத ப்ரூடெண்ட் மோட்னு ஒண்ணு இருக்கு, ஆனா மெதுவு, ஆளுக்கொரு ஃபைல் குடுத்துட்டு போங்க.

இடம் பத்தலன்னு ஹிஸ்டரிய 7 நாளா வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேட்டுக்கங்க. இந்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ல போட்ட உத்தரவுப்படி லாக்க 180 நாள் வெச்சிருக்கணும். எந்த லாக், எங்க போய் சேருதுன்னு கம்பிளையன்ஸ் பாக்கறவங்களுக்குத்தான் தெரியும், ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்களா முடிவெடுக்கற விஷயம் இல்ல. டிஸ்க் கூட்டச் சொல்றதுதான் அந்த நேரத்துல சரியான போன்.

தமிழ் பேரு கேள்விக்குறியா வருது

கேள்விக்குறியா இல்ல தலைல கோடு போட்ட இங்கிலீஷ் ஏ எழுத்தும் கட்டமும் கலந்து கிறுக்கலா? கிறுக்கல்னா நல்ல செய்தி, ஃபைல் சரியா இருக்கு, திறந்து பாக்குற எடிட்டர்ல யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்தா போதும். கேள்விக்குறின்னா எழுதும்போதே போச்சு, திரும்ப வராது. என்கோடர்ல சார்செட் யூடிஎஃப்-8 குடுங்க. ஜாவா 18லேர்ந்து இயல்பாவே யூடிஎஃப்-8தான், ஆனா கன்சோல் மட்டும் இன்னும் சிஸ்டம் லொகேல பாத்துத்தான் எழுதும், அதனால டாக்கர் இமேஜ்ல லாங் வேரியபிள சி.யூடிஎஃப்-8ன்னு வைங்க.

நேரம் அஞ்சரை மணி பின்னாடி காட்டுதுன்னா கன்டெய்னர் யூடிசில ஓடுது. பேட்டர்ன்ல தேதிக்குப் பக்கத்துல ஏசியா/கொல்கத்தா போடலாம், எல்லா சர்வரையும் யூடிசில விட்டுட்டு பாக்குற இடத்துல மாத்திக்கறது இன்னும் நல்லது.

வேற யூசர் ஐடி லாக்ல வருது

எம்டிசில (ஒவ்வொரு லாக் லைன்லயும் சேர த்ரெட்டுக்குன்னு வைக்கற தகவல்) ஐடிய போட்டுட்டு எடுக்க மறந்தாச்சு. வெப் சர்வரான டாம்கேட் த்ரெட்ட திரும்பத் திரும்ப யூஸ் பண்ணும், போன ரிக்வெஸ்ட்ல வெச்சது இந்த ரிக்வெஸ்ட்ல நிக்கும். ஃபில்டர்ல ஃபைனலி பிளாக்குல கிளியர் பண்ணுங்க. அசிங்க் மெத்தட்ல ஐடியே வரலன்னா தலைகீழ் கதை, புது த்ரெட்டுக்கு எம்டிசி தானா போகாது, டாஸ்க் டெகரேட்டர் எழுதி காப்பி பண்ணணும்.

ஆனா இத லாக் பிரச்சனன்னு மூடறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க: லாக்ல மட்டும்தான் ஐடி மாறுதா, இல்ல ஒருத்தர் டேட்டா நிஜமாவே இன்னொருத்தர் ஸ்கிரீன்ல தெரியுதா. ரெண்டாவதுன்னா உடனே லீடுக்கு போன் பண்ணுங்க.

பாஸ்வேர்டு, ஓடிபி, ஆதார் நம்பர் லாக்ல தெரியுது

ரிக்வெஸ்ட் பாடிய முழுசா லாக் பண்ற ஃபில்டர் ஒண்ணு இருக்கும், டெஸ்டிங்குக்குன்னு போட்டது, அத நிறுத்துங்க. அப்பறம் லாம்போக் (கோட தானா எழுதித் தர்ற லைப்ரரி) டூஸ்ட்ரிங் எழுதற கிளாஸ்ல அந்த ஃபீல்ட எக்ஸ்குளூட் பண்ணுங்க. பேட்டர்ன்ல ரிப்ளேஸ் போட்டு மறைக்கலாம், ஆனா ரெகெக்ஸ்ல (எழுத்து மாதிரிய தேடற சூத்திரம்) ஒண்ணு தப்பும், அத நம்பி இருக்காதீங்க.

இனிமே வராம பண்ணிட்டீங்க, சரி, ஏற்கனவே எழுதினது? அது பேக்கப்ல இருக்கு, கலெக்டர்ல இருக்கு, யாரோ டவுன்லோட் பண்ணி லேப்டாப்ல வெச்சிருக்காங்க. நீங்களா அழிக்க ஆரம்பிக்காதீங்க, யாரு யாரு பாத்தாங்கன்னு கண்டுபிடிக்கற ஆதாரமும் அந்த லாக்தான். செக்யூரிட்டி டீமுக்கு அப்பவே சொல்லுங்க, வெளிய கசிஞ்சிருந்தா சர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள்ள சொல்லணும்ங்கற கணக்கு தெரிஞ்ச நிமிஷத்துலேர்ந்து ஓட ஆரம்பிச்சுடும், அதுல ரெண்டு மணி நேரத்த நீங்க ரெகெக்ஸ் எழுதியே கழிச்சிருப்பீங்க.